அம்மாவோட ஓடிபி ஏன் என் போனுக்கு வருது?

கெடிலக்கரை
வியாழன், இரவு 9:40

இன்னிக்குக் காலையில நடந்தது. பதினோரு மணிக்கு ஆபீஸ் மீட்டிங். கம்பெனி சென்னையில, நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல. ஆறு பேருக்கு புரோகிராம் கோடு வெளக்கிக்கிட்டு இருக்கேன். கீழேர்ந்து அம்மா குரல்: "டேய், கேஸ்காரர் வந்துட்டாரு, நம்பரைச் சொல்லு!" சிலிண்டர் டெலிவரிக்கு ஒரு ஓடிபி கோடு வருமே, அது என் போனுக்குத்தான் வந்திருக்கு. மைக்கை அணைக்க மறந்து "நாலு, ஏழு, ரெண்டு, நாலு"ன்னு கத்திட்டேன். மீட்டிங்ல இருந்த புதுப்பையன் அதை மென்பொருள்ல ஏதோ பிழையோட நம்பர்னு (பக் நம்பர்) நெனைச்சு குறிச்சு வச்சிருக்கான். மத்தியானம் "அண்ணா, அந்த 4724 என்னாச்சு?"ன்னு கேட்டான். சமைச்சு சாப்பிட்டாச்சுப்பான்னேன்.

சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா அந்த நேரம் நான் வெளக்கிக்கிட்டு இருந்தது எந்தக் கோடுன்னு சொன்னாத்தான் விஷயம் புரியும். ஒரு பதிவுப் படிவம். ஒரு ஆளுக்கு ஒரு மொபைல் நம்பர், ஒரு நம்பருக்கு ஒரு ஆள். ரெண்டாவது ஆள் அதே நம்பரோட வந்தா "இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது"ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடும். டேட்டாபேஸ்ல அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல யூனிக்னு ஒரு வார்த்தை போட்டா போதும், மிச்சத்தை அது பாத்துக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி அந்த வார்த்தையைப் போட்டவன் நான்தான்.

மாடியில இப்படிச் சட்டம் போட்டுட்டு, கீழ என் ஒரே நம்பர்ல எத்தனை பேர் குடியிருக்காங்கன்னு சாயங்காலம் எண்ணிப் பாத்தேன். அம்மாவோட ஆதார், அம்மாவோட பேங்க், ரேஷன் கார்டு, கேஸ், அப்பாவோட பென்ஷன். போதாததுக்கு பக்கத்து வீட்டு ஆயாவோட கரண்ட் பில். ஆயாவோட பையன் துபாய் போகும்போது "தம்பி நம்பரையே போட்டுட்டேன், கோச்சுக்காத"ன்னு சொல்லிட்டுப் போனார்.

உங்க வீட்ல போன் ஆளோடதா, வீட்டோடதா? நான் எழுதுற மென்பொருள் எல்லாம் ஆளோடதுன்னு அடிச்சுச் சொல்லுது. எனக்கு அதுல நம்பிக்கை போயிடுச்சு.


நேரு வீதி கடைக்காரன்
வியாழன், இரவு 9:58

புதுச்சேரியில போன் கடை வச்சிருக்கவன் சொல்றேன், கேளுங்க தம்பி. பட்டன் போன் ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள தாராளமா கெடைக்குது. அம்மாவுக்கு ஒண்ணு, ஒரு சிம். முடிஞ்சுது. மென்பொருள்ல மாசச் சம்பளம் வாங்குறவர் அம்மாவுக்குப் போன் வாங்கித் தராம இங்க வந்து தத்துவம் பேசுறீங்க.


கெடிலக்கரை
வியாழன், இரவு 10:03

அடி சரியா விழுந்துச்சு அண்ணே. வாங்கித் தந்தேன், 2022ல. அம்மா அதை பீரோவுல புடவைக்கு அடியில வச்சிருக்காங்க. "நீதான் வீட்லயே இருக்கியே, எனக்கு எதுக்கு?"ங்கறாங்க. ரீசார்ஜ் தீந்து சிம் எப்பவோ செத்துப் போச்சு.


முந்திரிக்காடு
வியாழன், இரவு 10:31

பண்ருட்டி பக்கம் இ-சேவை மையம் வச்சிருக்கேன், எட்டு வருஷமா. கடைக்கார அண்ணன் போன் விலையைச் சொல்றார். போனை யாரு கேட்டா? ரீசார்ஜைச் சொல்லுங்க.

2024 ஜூலையில மூணு கம்பெனியும் விலையை ஏத்துனாங்க. மாசம்னு சொல்லி 28 நாள் குடுக்குறாங்க. அப்ப வருஷத்துக்குப் பன்னெண்டு இல்ல, பதிமூணு தடவை போடணும். தடவைக்கு 199 ரூபாய்னு வச்சுக்கிட்டாலும் 2,587. முந்திரி உடைக்கப் போற பொம்பளை ஒரு கோடுக்காக மட்டும் அதைப் போடுவாளா? போடலைன்னா மொதல்ல அவுட்கோயிங் போகும், அப்புறம் இன்கமிங்கும் போகும், ஓடிபியும் அதோட போகும். அதனால வீட்ல எந்தப் போன்ல ரீசார்ஜ் இருக்கோ அந்த நம்பரைத்தான் எல்லாத்துக்கும் குடுப்பாங்க. அது பெரும்பாலும் புருஷனோடது, இல்ல காலேஜ் போற பையனோடது.

போன் வேணாம், விரலை வச்சா போதும்னு சொல்லுவீங்க. எங்க ஊர்ல வந்து பாருங்க. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் வெந்து, விரல்ல ரேகையே இருக்காது. ரேஷன் கடையில அஞ்சு விரலையும் மாத்தி மாத்தி வச்சுட்டு, என்னமோ திருட வந்த மாதிரி நிப்பாங்க. இப்ப கண்ணைக் காட்டுற மெஷின் வந்ததுல கொஞ்சம் பரவால்ல.

இன்னொண்ணையும் ஒத்துக்கிறேன். சில படிவத்துல நம்பர் கட்டாயம், வந்தவங்ககிட்ட நம்பர் இல்ல. வெயில்ல ரெண்டு பஸ் மாறி வந்திருப்பாங்க. என்ன பண்ணுவேன்? ஆரம்பத்துல என் நம்பரையே போட்டேன். நாலஞ்சு பேருக்கு மேல ஏத்துக்கல. உங்க யூனிக் மாதிரி ஒரு சட்டம்தான் தம்பி.


சிங்காரத்தோப்பு
வியாழன், இரவு 11:05

எங்க வீட்டுக் கதை இதவிட மோசம்.

வீட்ல நல்ல போன் ஒண்ணுதான், அண்ணனோடது. கேஸ், பேங்க், ரேஷன் எல்லாம் அந்த நம்பர். அண்ணன் வலைக்குப் போனா போனும் பாலிதீன் பையில கட்டிக்கிட்டுக் கடலுக்குப் போயிடும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனா டவர் கெடையாது. இங்க வாசல்ல சிலிண்டர் வரும், கோடு அங்க அலைக்கு நடுவுல நிக்கும். கேஸ்காரர் பாவம் மூணு தடவை தூக்கிக்கிட்டுத் திரும்பிப் போயிருக்கார்.

போனை விட்டுட்டுப் போயேன்னு அண்ணி கேட்டா சண்டை. ஏன்னா திரும்பி வரும்போது டவர் கெடைச்ச உடனே துறைமுகத்துக்குப் போன் போட்டு, மீன் எங்க என்ன வெலை போகுதுன்னு கேட்டுத்தான் கரை புடிப்பாங்க. அது அவருக்குத் தொழில், இது இவங்களுக்கு அடுப்பு.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள் அண்ணிக்கு ஓடிபி ஒழுங்கா வரும். ஆனா கையில காசு இருக்காது.


மிஷன் வீதி
வெள்ளி, காலை 7:20

நீங்க கடலோட விட்டீங்க, எங்க ஆயாவோட ஓடிபி பாரிஸ்ல இருக்கு.

தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்த சொல்தா (சிப்பாய்). அவர் போனப்புறம் ஆயாவுக்கு அங்கேர்ந்து பென்ஷன். வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு சான்றிதழ் அனுப்பணும். இணையத்துல கணக்குத் தொறந்தப்ப லீவுக்கு வந்திருந்த மாமாதான் கூட உக்காந்தார், அவரோட பிரான்ஸ் நம்பரைக் குடுத்துட்டார். இப்ப ஆயா கணக்குல நுழையணும்னா மாமா முழிச்சிருக்கணும். குளிர்காலத்துல நமக்கும் அங்கேக்கும் நாலரை மணி நேரம். காலையில பூசை முடிஞ்சு, காப்பி குடிச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு "ஆரம்பிக்கலாமா?"ன்னு ஆயா கேக்குற ஒன்பது மணி, மாமாவுக்கு விடிகாலை நாலரை.

போன டிசம்பர்ல மூணாவது தடவை எழுப்பினப்ப மாமா சொன்னது: "அம்மா உசுரோட இருக்காங்கன்னு காட்டுறதுக்கு என்னை ஏன்டா சாவடிக்கிறீங்க?"


நல் பாயிண்டர்
வெள்ளி, காலை 10:12

எல்லாரும் யூனிக்கைப் போட்டு மொத்துறீங்க. நானும் அந்த வேலைதான் பாக்குறேன், அதுக்காகப் பேசுறேன்.

அது இல்லைன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒரே ஆள் பத்துப் பேர்ல கணக்குத் தொறப்பான். மொதல் தள்ளுபடி, பரிசுப் புள்ளி, அரசு உதவி, எல்லாத்தையும் ஒரே ஆள் சுருட்டுவான். சிம் வாங்க அடையாள அட்டை வேணும், ஒருத்தர் பேர்ல ஒன்பது சிம்முக்கு மேல வச்சுக்க முடியாது. அந்தக் கெடுபிடியை ஏற்கெனவே வேற ஒருத்தன் செஞ்சு வச்சிருக்கான், அதை நாம ஓசியில பயன்படுத்திக்கிறோம். அடையாளம் சரிபாக்குறது செலவு புடிச்ச வேலை. நம்பர்தான் ஏழை புரோகிராமரோட ஆதார்.

சரி, நானும் ஒரு பாவம் பண்ணியிருக்கேன். ஒரு ஸ்கூலுக்கு வருகைப்பதிவு ஆப் எழுதுனோம். ஒவ்வொரு மாணவரையும் பிரிச்சு அடையாளம் காட்டுற திறவுகோல் எதுன்னு கேட்டப்ப பெற்றோர் நம்பர்னு வச்சுட்டேன். இரட்டைப் புள்ளைங்க ரெண்டு பேர் சேந்தாங்க. மொதப் பொண்ணு ஏறிட்டா. ரெண்டாவது பொண்ணு மூணு மாசம் சிஸ்டத்துல பொறக்கவே இல்ல. டீச்சர் ஒரு நோட்டுல தனியா அவளுக்கு மட்டும் பதிவு வச்சிருந்தாங்க.

ஆனா அதுக்கு மருந்து யூனிக்கை எடுக்குறது இல்ல. ஆள் வேற, ஆளைக் கூப்பிடுற வழி வேறன்னு பிரிச்சு வைக்கணும். டேட்டாபேஸ்ல ஆளுக்கு ஒரு டேபிள் (அட்டவணை), நம்பருக்கு ஒரு டேபிள், நடுவுல ரெண்டையும் கோக்குற டேபிள். இந்த நம்பர் இவங்களோட சொந்த நம்பரா, மகனோடதா, பக்கத்து வீட்டுக்காரரோடதான்னு அதுல ஒரு கட்டம். எஸ்கியூஎல்ங்கற டேட்டாபேஸ் மொழி படிக்கிற புள்ளைக்கே மொத மாசத்துல சொல்லிக் குடுக்குற விஷயம். நாமதான் அவசரத்துல சுருக்கிடுறோம்.


கெடிலக்கரை
வெள்ளி, காலை 10:40

அந்த "மகனோடதா" கட்டம் போடலாம். அப்புறம் லாகின் பண்ணும்போது? என் நம்பரை அடிச்சா "நீங்கள் யார்? அம்மா, அப்பா, மகன்"னு லிஸ்ட் வரும். நான் அம்மாவைத் தொட்டா கோடு எனக்கு வரும், நான் உள்ள போயிடுவேன். அம்மா என்ன மாத்திரை வாங்குறாங்கன்னு எனக்குத் தெரியணுமா?


நல் பாயிண்டர்
வெள்ளி, காலை 10:44

இப்பவும் தெரியுதுதானே. மெசேஜ் உனக்குத்தானே வருது.


கெடிலக்கரை
வெள்ளி, காலை 10:45

...


முந்திரிக்காடு
வெள்ளி, மதியம் 2:15

நல் பாயிண்டர் சொன்னதைத்தான் நான் ராத்திரி எழுத வந்து எழுதாம விட்டேன்.

2023 செப்டம்பர் 15 அன்னைக்கு மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சாங்க, மாசம் 1,000 ரூபாய், பொம்பளைங்க பேர்ல, பொம்பளைங்க கணக்குல. எங்க மையத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா, "பணம் விழுந்துச்சான்னு பாத்துச் சொல்லும்மா"ன்னு. ஏன்? பேங்க்ல குடுத்திருக்குற நம்பர் புருஷனோடது. அக்கா கணக்குல பணம் விழுந்தா அக்காவுக்கு முன்னாடி அவருக்குத் தெரியும். பதினஞ்சாந்தேதி சாயங்காலம் சில வீட்ல அதுக்குன்னே மூஞ்சி மாறும்.

நம்பரை மாத்திக்குடுங்கன்னு ஒரு அக்கா கேட்டுச்சு. யாரோட நம்பருக்கு மாத்துறதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "உன் நம்பருக்கு மாத்திடேன்"னுச்சு. மாட்டேன்னு சொல்லிட்டேன். விதிப்படி நான் பண்ணது சரி. அந்த அக்கா அப்புறம் என் கடைக்கு வரவே இல்ல.

பணத்தை அவங்க பேர்ல போட்டு, பணம் வந்த சேதியை வேற ஒருத்தர் கையில குடுக்குறோம். இது அரசாங்கம் நெனைச்சுப் பண்ணதுன்னு சொல்லல. படிவத்துல "கைபேசி எண்"னு ஒரு கட்டம் இருக்கும், அது யாரோடதுன்னு கேக்க இன்னொரு கட்டம் இருக்காது, அவ்வளவுதான்.


நேரு வீதி கடைக்காரன்
வெள்ளி, மதியம் 2:50

எல்லாப் புருஷனும் அப்படியா? என் வீட்டுக்காரம்மா போனை நான் தொட்டதே இல்ல. சும்மா ஆம்பளைங்களை...


மட்டுறுத்துநர்
வெள்ளி, மதியம் 3:01

கடைக்காரரே, உங்க வீட்டைப் பத்தி யாரும் பேசல. இழைத் தலைப்புலயே இருங்க. அடுத்த ரெண்டு பதிவை நீக்கிட்டேன், யார் எழுதுனதுன்னு அவங்களுக்கே தெரியும்.


பாகூர் ஏரி
வெள்ளி, மாலை 5:30

நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். கணினி மொழி தெரியாது. ஆனால் முப்பது ஆண்டுகள் படிவங்களோடு வாழ்ந்தவன் என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்ல ஆசை.

புதுச்சேரியில் பல ஆண்டுகள் ரேஷன் கடைகளை மூடிவைத்து, அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போட்டார்கள். 2024 தீபாவளிக்குச் சற்று முன்புதான் கடைகள் மீண்டும் திறந்தன. கடையில் வரிசையில் நின்றபோது அரிசி வந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும், ஊரே பேசிக்கொள்ளும். பணமாக மாறியதும் அது ஒரு குறுஞ்செய்தியாகிவிட்டது. குறுஞ்செய்தி யாருக்கு வந்ததோ அவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் ஆயிற்று. என் மனைவியின் தமக்கை மூன்று மாதம் பணம் வரவில்லை என்று என்னிடம் அழுதார். பணம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. செய்தி பேரனின் கைபேசிக்குப் போனது. அவன் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது, மொழி. செய்திகள் ஏன் ஆங்கிலத்தில் வருகின்றன? நான் வாய்விட்டுக் கேட்டும் எவரும் பதில் சொன்னதில்லை. இங்கே சொல்வீர்களா?


நல் பாயிண்டர்
வெள்ளி, மாலை 6:10

ஐயா, காசுதான்.

ஒரு எஸ்எம்எஸ்ல 140 பைட்டுதான் எடம், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆங்கில எழுத்து ஒண்ணுக்கு ஏழு பிட் போதும், அதனால 160 எழுத்து அடங்கும். தமிழ்னு வந்துட்டா யூனிகோடுங்கற குறிமுறைக்கு மாறணும், ஒவ்வொரு குறிக்கும் ரெண்டு பைட்டு, 70தான் அடங்கும். அந்த 70ம் முழு எழுத்து இல்ல. "புதுச்சேரி" நம்ம கண்ணுக்கு அஞ்செழுத்து, கணினிக்குப் பத்து குறி. உயிர்மெய்யைப் பிரிச்சு, எழுத்து தனி, கொம்பு தனி, புள்ளி தனின்னு வச்சிருக்கு. "கடலூர்" நாலெழுத்து, ஆறு குறி. ஆக, தமிழ்ல நாப்பது எழுத்தைத் தாண்டுறதுக்குள்ள ஒரு மெசேஜ் முடிஞ்சிடும். தாண்டுச்சுன்னா ரெண்டு மெசேஜ் காசு. லட்சக்கணக்குல அனுப்புற கம்பெனி எதைத் தேர்ந்தெடுக்கும்?

இதுல இன்னொரு கூத்து. வணிகச் செய்திகளோட வாசகத்தை முன்கூட்டியே பதிவு பண்ணி வைக்கணும்னு தொலைத்தொடர்பு ஆணையத்தோட (டிராய்) விதி. ஒரு எழுத்து மாறுனாலும் போகாது. ஆங்கிலத்துல ஒண்ணு பதிவு பண்ணி ஓடிக்கிட்டு இருக்கும்போது, தமிழுக்குத் தனியா ஒண்ணு போடுறதுக்கு எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டான்.


பாகூர் ஏரி
வெள்ளி, மாலை 6:45

நன்றி தம்பி. பத்தாண்டுச் சந்தேகம் தீர்ந்தது.

அப்படியானால் ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர் நிலையை எண்ணிப் பாருங்கள். இரண்டு செய்திகள் வருகின்றன. இரண்டிலும் எண்கள். ஒன்று வங்கியுடையது, அதை எவருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் கணக்கு காலி. மற்றொன்று எரிவாயு உருளையுடையது. அதை வாசலில் நிற்கும், முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் உருளை கிடையாது. "கடவுச்சொல்லைப் பகிராதீர்கள்" என்று தொலைபேசியில் ஒரு குரல் ஓதிக்கொண்டே இருக்கிறது. எந்த எண்ணை? ஒரே மாதிரித் தோன்றும் சில இலக்கங்களுக்குள் ஒன்று சொல்ல வேண்டியது, ஒன்று சொல்லக்கூடாதது என்று பிரித்தறியும் பொறுப்பை எழுபது வயதுக்காரர் தலையில் கட்டிவிட்டோம்.

ஏமாற்றுபவன் செய்வதெல்லாம் ஒன்றுதான். சொல்லக்கூடாத எண்ணை, சொல்ல வேண்டிய எண் போலக் கேட்கிறான்.


சிங்காரத்தோப்பு
வெள்ளி, இரவு 8:02

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. எங்க தெருவுல ஒரு பெரியம்மாகிட்ட "கேஸ் மானியம் வந்திருக்கு, நம்பரைச் சொல்லுங்க"ன்னுதான் கேட்டான். கேஸ்னதும் சொல்லிட்டாங்க. பதினெட்டாயிரம் போச்சு. உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிக்கணும்னு எங்களுக்கே மறுநாள்தான் தெரிஞ்சுது.


வெள்ளி மணல்
வெள்ளி, இரவு 9:15

இவ்வளவு நாளும் இந்தத் தளத்தைப் படிக்க மட்டும்தான் வருவேன். மொதத் தடவை எழுதுறேன்.

அப்பா 2021ல தவறிட்டார். தேவனாம்பட்டினத்துலதான் காரியம் பண்ணோம். அவர் சிம்முக்கு ரீசார்ஜ் போடத் தோணல. நம்பர் நிறுத்தி 90 நாள் ஆயிட்டா வேற ஆளுக்குக் குடுத்துடலாம்னு விதி இருக்குதாம், அது எங்களுக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு அந்த நம்பர்லேர்ந்து எனக்குப் போன். திரையில "அப்பா"ன்னு வருது. நான் அப்ப பஸ்ல நின்னுக்கிட்டு இருந்தேன், பாலத்து மேல. எடுக்க கை வரல.

திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நல்ல மனுஷர். "அண்ணாச்சி பேருக்கு இன்சூரன்ஸ்ல இருந்து மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு, ஏதோ பணம் வாங்காமக் கெடக்கு போல, அதுல ஒங்க நம்பர் இருந்துச்சு"ன்னார். நாங்க தேடாத பாலிசி ஒண்ணு அப்படித்தான் கெடைச்சுது. இன்னைக்கு வரைக்கும் அப்பாவோட பிறந்தநாளுக்கு பேங்க்காரன் வாழ்த்து அவருக்குத்தான் போகுது. அவர் எனக்கு ஃபார்வர்டு பண்ணுவார்.

கெடிலக்கரை தம்பிக்கு ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். நம்பர் ஆளை விட ஆயுசு கெட்டி. உங்க டேபிள்ல அதுக்கும் ஒரு கட்டம் போடுங்க.


கெடிலக்கரை
வெள்ளி, இரவு 9:50

போடுறேன் அக்கா. (அண்ணனா? மன்னிக்கணும்.)


வெள்ளி மணல்
வெள்ளி, இரவு 9:52

அக்காதான்.


நல் பாயிண்டர்
சனி, காலை 9:05

வழி இருக்குதான்னு பாப்போம்.

2025 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டுச்சு, 2026 ஏப்ரல் 1 நடைமுறைத் தேதி. ரெண்டு அடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், ஆனா ரெண்டாவது அடுக்கு எஸ்எம்எஸ்ஸாத்தான் இருக்கணும்னு இல்ல. முகம், விரல், ஆப்ல வர்ற கோடு, எதுவானாலும் சரி. நல்லதுதான். ஆனா அதெல்லாம் நல்ல போன் கையில இருக்குறவங்களுக்கு.

யுபிஐயில 2024 ஆகஸ்ட்ல சர்க்கிள்னு ஒண்ணு வந்துச்சு. ஒருத்தரோட கணக்குலேர்ந்து வீட்ல இன்னொருத்தர் செலவு பண்ணலாம், முழு அனுமதி குடுத்தா மாசம் 15,000 வரைக்கும். எனக்குத் தெரிஞ்சு வீடுன்னு ஒண்ணு இருக்குறதை ஒத்துக்கிட்டுச் செஞ்ச பெரிய மென்பொருள் இது ஒண்ணுதான். ஆனா அதுலயும் கணக்கு வச்சிருக்கவர் மேல, மத்தவங்க கீழ. முந்திரிக்காடு அக்கா சொன்ன வீட்டுக்கு அது உதவாது.

எனக்குப் புடிச்ச உதாரணம் வேற. 2023ல ஒரு நாள் எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சே, சோதனை எச்சரிக்கைன்னு? அது எஸ்எம்எஸ் இல்ல. அந்த டவருக்குக் கீழ இருக்குற எல்லாப் போனுக்கும் டவரே கத்துறது. நம்பரைக் கேக்காது, பேரைக் கேக்காது, ரீசார்ஜ் இருக்கான்னும் பாக்காது. நீ இங்க இருக்க, அது போதும்.


மிஷன் வீதி
சனி, காலை 9:40

எச்சரிக்கை, புயல்னா எங்களுக்கு ஃபெஞ்சல்தான் ஞாபகம். 2024 நவம்பர் 30 ராத்திரி. புதுச்சேரியில 24 மணி நேரத்துல 48 சென்டிமீட்டர் மழை. தெருவுல இடுப்பளவு தண்ணி, ரெண்டு நாள் கரண்ட் இல்ல, என் போன் தண்ணியில போயே போச்சு. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய்னு முதல்வர் அறிவிச்சார். எங்க பணம் வந்த சேதி அரிசி மூட்டைக்குள்ள காஞ்சுக்கிட்டு இருந்த போனுக்கு வந்திருக்கு. (அரிசிக்குள்ள வச்சா காயும்னு சொன்னவனைத் தேடிக்கிட்டு இருக்கேன்.)


நேரு வீதி கடைக்காரன்
சனி, காலை 11:30

அரிசிக்குள்ள வைக்காதீங்க, சார்ஜ் ஓட்டையில தூசு அடைச்சுக்கும். அணைச்சு வச்சுட்டு நேரா கடைக்குக் கொண்டாங்க.

நேத்து வேகத்துல பேசிட்டேன். ராத்திரி கடையைச் சாத்தும்போது யோசிச்சேன், நானும் இதுல ஒரு பங்குதான்.

பெரியவங்க போன் வாங்க வருவாங்க. ஆண்ட்ராய்டுன்னா கூகுள் கணக்கு வேணும். அவங்களுக்கு இருக்காது. நான்தான் தொறந்து குடுப்பேன். பாஸ்வேர்டு? எல்லாருக்கும் ஒரே மாதிரி, அவங்க பேரும் 123ம். மீட்பு நம்பர்னு கேட்டா கடை நம்பர். டப்பா மேல பேனாவுல எழுதிக் குடுத்துடுவேன். டப்பாவை மறுநாள் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுவாங்க. ஒரு வருஷம் கழிச்சு பேரன் போனை ரீசெட் பண்ணிடுவான். அது பழைய கூகுள் கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கும். திருடனைத் தடுக்க வச்ச பூட்டு. சொந்தக்காரரே வெளிய நிப்பார். என்கிட்ட வருவார். கடை நம்பருக்குக் கோடு வரும், நான் தொறந்து விடுவேன். அதுக்கு 200 ரூபாய் வாங்குறேன்.

எத்தனை பேரோட சாவி என்கிட்ட இருக்குன்னு எண்ணிப் பாத்தா எனக்கே தூக்கம் வரல. நான் நல்லவன். நாளைக்குக் கடையை வேற ஒருத்தனுக்கு வித்தா நம்பரும் சேந்துதானே போகும்?


முந்திரிக்காடு
சனி, காலை 11:48

அண்ணே, நேத்து உங்களைத் திட்டணும்னு இருந்தேன். வாபஸ். 200 ரூபாயை மட்டும் கொறைச்சுக்கோங்க.


கெடிலக்கரை
அடுத்த வியாழன், மதியம் 1:10

இந்த வாரம் நடந்ததைச் சொல்லிடுறேன்.

ஆபீஸ்ல பேசினேன். நம்பரைத் தனி டேபிளாப் பிரிக்கணும், "யாருடைய எண்"னு ஒரு கட்டம் வேணும், நம்பர் கை மாறுனா பழைய கணக்கு அதோட போகாம இருக்கணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். மேனேஜர் படிச்சுட்டு நல்லா இருக்குன்னார். இந்தக் காலாண்டுல எடம் இல்ல, அடுத்ததுல பாக்கலாம்னார். புதுப்பையன் அந்த வேலைக்குப் போட்ட டிக்கெட்டுக்கு 4724ன்னே பேர் வச்சிருக்கான்.

வீட்ல முதல்ல அம்மாகிட்டக் கேட்டேன், நம்பர் உங்க பேர்ல இருக்கட்டுமான்னு. "ஏன், நான் உனக்குத் தொந்தரவா?"ன்னாங்க. ரெண்டு நாள் பேசல. அப்புறம் முந்திரிக்காடு அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், அந்த அக்கா வீட்டுப் பதினஞ்சாந்தேதி கதையை. அம்மா ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில குளிச்சு, நல்ல புடவை கட்டிக்கிட்டு "வா, எங்க போகணும்?"னாங்க.

புது சிம். ஆதார் மையத்துல நேர்ல போய் விரல் வச்சாங்க, தாள் எதுவும் கேக்கல. பேங்க்ல ஒரு படிவம், கையெழுத்துப் பொருந்தலைன்னு மூணு தடவை போட வச்சாங்க. கேஸ் ஆபீஸ்ல கவுண்டர்லயே மாத்திக் குடுத்துட்டாங்க. ரேஷன் கார்டுல நம்பரை மாத்தப் போனா, மாத்துறதுக்கு அனுமதி கேட்டுப் பழைய நம்பருக்கு ஓடிபி வந்துச்சு. அம்மா என்னைப் பாத்தாங்க. சொன்னேன்.

அதோட விடாம, பாகூர் ஐயா எழுதுனது மனசுல இருந்ததால, பேங்க் நம்பர்னு கேட்டா கடவுளே வந்தாலும் சொல்லக்கூடாதுன்னு மூணு நாள் பாடம் எடுத்தேன். 1930ஐ காலண்டர் அட்டையில பெருசா எழுதி மாட்டினேன்.

இன்னிக்குப் பதினோரு மணி. மீட்டிங். மைக்கை அணைச்சுத்தான் வச்சிருந்தேன். கீழ ஏதோ வாக்குவாதம். எட்டிப் பாத்தா கேஸ்காரர் வாசல்ல, சிலிண்டரைத் தோள்லேர்ந்து எறக்காம நிக்கிறார். அம்மா புதுப் போனை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

"நம்பர் வந்திருக்கும்மா, சொல்லுங்க."

"வந்திருக்கு. சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்லாதேன்னு எம்புள்ளை சொல்லியிருக்கான்."


பாகூர் ஏரி
அடுத்த வியாழன், மதியம் 1:32

உருளை கிடைத்ததா?


கெடிலக்கரை
அடுத்த வியாழன், மதியம் 1:35

திண்ணையில எறக்கி வச்சுட்டு, மீதி வீடுகளுக்குப் போயிருக்கார். சாயங்காலம் வந்து கேக்குறாராம். அதுக்குள்ள நான் அம்மாவுக்கு எது சொல்றது, எது சொல்லக்கூடாததுன்னு புரிய வைக்கணுமாம்.